கரண்டு விடு மாப்ளே!

முதலில் மோந்து பார்க்க வேண்டும். பழைய வால்வு செட் ஒன்று கைக்கு வந்தால் காதுக்கு வேலை கடைசியில்தான். மூக்குக்குத்தான் முதல் மரியாதை. ஸ்க்ரூக்களைக் கழற்றி, துளை போட்ட அந்தப் பின்னட்டையை மெல்ல விலக்கியதும் உள்ளேயிருந்து ஒரு காற்று வரும் பாருங்கள், எத்தனையோ வருடம் அடைபட்டுக் கிடந்த காற்று! மெழுகும் பழைய மரமும் தூசியும் கலந்த வாசனை என்றால் நல்ல சகுனம். கருகிய வார்னிஷ் வாடை அடித்தால் ட்ரான்ஸ்பார்மர் போயிற்று என்று அர்த்தம். எலி மூத்திரம் நாறினால் ஒயரில் பாதி இருக்காது.

“வார்னிஷ் இல்ல மாப்ளே. எலிதான்,” என்றார் மாமா, தலையைப் பெட்டிக்குள் விட்டபடியே. எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. எலியைச் சமாளித்துவிடலாம்!

இடம், கோலார் தங்க வயல். ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்து. கடைக்குப் போர்டு கிடையாது. அவரை மாமா என்று நான் மட்டுமல்ல, எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைனே கூப்பிடும். பெயரைப் போடக் கூடாது என்பது அவருடைய ஒரே நிபந்தனை. “பேரு போட்டா மிக்ஸிய தூக்கினு வந்து நிப்பாங்க.” சுரங்கத்தில் எலக்ட்ரிகல் பக்கம் வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடியபோது எல்லோரோடும் வெளியே வந்தார். ஊரில் பாதிப் பேர் மாரிக்குப்பம் ரயிலில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். இவரும் போனார், வந்தார். சாயங்காலங்களில் மட்டும் இந்த மேஜை.

மேஜையில் இப்போது மூன்று பேர் படுத்திருக்கிறார்கள். ஒன்று, கால் வைத்த அலமாரி அளவுக்கு ஒரு ரேடியோகிராம். மேலே மூடியைத் தூக்கினால் ரெக்கார்டைத் தானே மாற்றிப்போடும் கேரார்டு ஆட்டோ சேஞ்சர், கீழே ரேடியோ. இரண்டாவது, மைக்செட்காரர் ஒருவரின் ஆம்ப்ளிஃபயர். இரும்புப் பெட்டி, தூக்கினால் தோள்பட்டை கழன்றுவிடும். மூன்றாவது என்னுடையது. சூட்கேஸ் மாதிரி மூடித் தூக்கிப் போகிற சின்ன ரெக்கார்டு பிளேயர், உள்ளே இரண்டே வால்வு. மூன்றையும் ஒரே வாரத்தில் திறந்து பார்க்க அனுமதி கிடைத்திருக்கிறது எனக்கு. கல்யாண வீட்டில் சமையல்கட்டுக்குள் நுழைய விட்ட பையனின் சந்தோஷம்!

இந்த ஊரில் இந்தப் பெட்டிகள் எப்படி வந்து சேர்ந்தன என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டியதே இல்லை. பெங்களூருக்கு முன்னாலேயே கரண்டு வந்த ஊர் இது. 1902 ஜூன் 30 அன்று, காவிரி விழுகிற சிவசமுத்திரத்தில் எடுத்த மின்சாரம் 147 கிலோமீட்டர் கம்பியில் ஓடி வந்து இங்கே சுரங்க இயந்திரங்களைச் சுற்றியது. பெங்களூரில் தெருவிளக்கு மின்சாரத்தில் எரிய 1905 ஆயிற்று. அத்தனை பெரிய நகரத்துக்கு நாங்கள் மூன்று வருடம் மூத்தவர்கள்! சுரங்கத்தை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனியின் வெள்ளைக்கார அதிகாரிகள், ஆங்கிலோ இந்தியர்கள், வடாற்காட்டிலிருந்தும் தர்மபுரி, சேலம் பக்கமிருந்தும் வந்த நம் ஆட்கள், எல்லோரும் இயந்திரத்தோடு புழங்கியவர்கள். பங்களாக்களில் நடனத்துக்கு ரெக்கார்டு போட்டார்கள். லைன் வீடுகளில் கல்யாணத்துக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் போட்டார்கள். பங்களாக்காரர்கள் மூட்டை கட்டியபோது பெட்டிகளில் சில இங்கேயே தங்கிவிட்டன.

அந்தச் சிவசமுத்திர மின்சாரத்தில் ஒரு வேடிக்கை உண்டு. இதைச் சொல்லும்போதெல்லாம் மாமாவுக்குக் கண் சிறுத்துவிடும், சிரிப்பில். இன்று நம் வீட்டுக்கு வருவது விநாடிக்கு 50 சைக்கிள் மின்சாரம். சிவசமுத்திரத்தில் முதலில் உற்பத்தி செய்தது 25 சைக்கிள். ரெக்கார்டு பிளேயர் மோட்டாரின் வேகமோ மின்சாரத்தின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற வேகம். ஆக, 50 சைக்கிளுக்குச் செய்த பிளேயரை அந்தக் கரண்டில் சொருகினால், கணக்குப்படி, நிமிடத்துக்கு 78 சுற்று சுற்ற வேண்டிய தட்டு 39-தான் சுற்றும். பாடுகிற பெண் குரல் அப்படியே ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். “சுசீலாம்மா போட்டா டி.எம்.எஸ். வருவாரு,” என்பார் மாமா. மோட்டார் சூடேறிப் புகைவது அடுத்த காட்சி.

இது வெறும் வேடிக்கையும் இல்லை. அமெரிக்காவிலிருந்து சித்தப்பா பிள்ளை ஆசையாகத் தூக்கி வரும் பழைய பிளேயர்களில் இதே கதைதான் நடக்கிறது. அங்கே 60 சைக்கிள். வோல்டேஜுக்கு ட்ரான்ஸ்பார்மர் வாங்கி மாட்டிவிடுவார்கள், சைக்கிளை மறந்துவிடுவார்கள். நிமிடத்துக்கு 33⅓ சுற்ற வேண்டிய எல்.பி. இங்கே 28-க்கும் குறைவாகச் சுற்றும். சுருதி சுமார் ஒன்றரைக் கட்டை இறங்கி, பாட்டு தூக்கம் கலையாதவன் பேச்சாக வரும். மருந்து ஒரு சின்னப் பித்தளைக் கப்பி. மோட்டார் தண்டில் மாட்டும் அந்தக் கப்பியின் குறுக்களவைக் கொஞ்சம் கூட்டினால் போதும். மாமா லேத்தில் கடைந்து வைத்திருக்கும் கப்பிகள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய இருக்கின்றன.

சரி, இப்போது திரைக்குப் பின்னால் போகலாம். ரேடியோகிராமைக் கவிழ்த்தாயிற்று.

“கரண்டு விடலாமா மாமா?”

“விட்டா நேரா சொர்க்கந்தான். செட்டுக்கும் உனக்கும்.”

ஐம்பது அறுபது வருடப் பழைய செட்டைப் பரணிலிருந்து இறக்கினதும் ப்ளக்கைச் சொருகிப் பார்ப்பதுதான் நம் எல்லோருக்கும் வரும் முதல் ஆசை. செட் செத்துப்போவதும் பெரும்பாலும் அந்த நிமிடத்தில்தான். காரணம், கண்டன்சர். அந்தக் காலத்துக் கண்டன்சரின் உள்ளே காகிதமும் மெழுகும். வருடங்கள் போகப் போக ஈரம் ஏறி, தடுக்க வேண்டிய மின்சாரத்தைக் கசியவிடும். கசிவது எங்கே போய்ச் சேருகிறது? வெளியீட்டு வால்வின் கிரிட்டுக்கு. அடக்கி வைக்க வேண்டிய கிரிட்டே கதவைத் திறந்துவிட்டால் வால்வுக்குள் மின்சாரம் வெள்ளமாகப் பாயும். உள்ளே இருக்கும் உலோகத் தகடு செக்கச்செவேலென்று பழுத்துவிடும். பார்க்க அழகாக இருக்கும். பார்த்துக்கொண்டிருந்தால் வால்வும் போகும், அதற்குப் பின்னாலேயே ட்ரான்ஸ்பார்மரும் போகும்.

பெரிய எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்கள் வேறு ரகம். உள்ளே இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம், வேலை இல்லாமல் கிடந்தால் தேய்ந்துபோகும். அதற்கு 300 வோல்ட்டை ஒரேயடியாகக் கொடுத்தால் வெடிக்கவும் செய்யும். பத்து நாள் காய்ச்சலில் கிடந்தவனுக்கு முதலில் கஞ்சித் தண்ணீர் கொடுப்பதுபோலத்தான் கொடுக்க வேண்டும். மாமாவின் மேஜை ஓரத்தில் ஒரு டிம்மர்ஸ்டாட் இருக்கிறது. தலையில் சக்கரம் வைத்த கனத்த உருளை. திருகத் திருக வோல்டேஜ் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏறும். அதற்கு முன்னால் ஒரு சீரிஸ் போர்டு: மரப்பலகை, ஒரு ஹோல்டர், அதில் 100 வாட் குண்டு பல்பு, ஒரு ப்ளக் பாயின்ட். உலகத்திலேயே மலிவான, நேர்மையான மருத்துவர் இந்தப் பல்பு என்பது என் கட்சி. செட்டுக்குள் எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும். செட்டுக்கு ஒன்றும் ஆகாது. நன்றாக இருந்தால் பல்பு ஒரு கணம் மின்னி, மெல்ல மங்கிவிடும். அந்த மங்கலைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றில் பட்டாம்பூச்சிகள் பறக்கும். எத்தனை தடவை பார்த்தாலும்!

மாமாவிடம் இன்னொரு சட்டம் இருக்கிறது. கரண்டு இருக்கும்போது சேஸிஸை, அதாவது எல்லாம் பொருத்தியிருக்கும் உலோகச் சட்டத்தை, தொட வேண்டியிருந்தால் இடது கை பாக்கெட்டில் இருக்க வேண்டும். இரண்டு கையாலும் தொட்டால் மின்சாரம் ஒரு கையில் ஏறி, நெஞ்சு வழியாக இன்னொரு கையில் இறங்கும். கரண்டை அணைத்த பிறகும் பெரிய கண்டன்சருக்குள் 250, 300 வோல்ட் பதுங்கியிருக்கும். அதை ஒரு ரெசிஸ்டர் வழியாக வடித்துவிட்டுத்தான் விரல் வைக்க வேண்டும். என் சூட்கேஸ் பிளேயரைத் திறந்ததும் அவர் முகம் மாறிற்று. வால்வில் எழுதியிருந்த முதல் எழுத்து யூ. “இத வெறுங்கையில தொட்டுனு இருந்தியா?” யூ வகை வால்வுகள் போட்ட சின்ன செட்டுகள் பலவற்றில் மெயின் ட்ரான்ஸ்பார்மரே கிடையாது. ஃபிலமென்ட்டுகளை வரிசையாகக் கோர்த்து நேராக மெயின் கரண்டில் விட்டிருப்பார்கள். ப்ளக்கை ஒரு பக்கம் சொருகினால் சேஸிஸ் சாது. திருப்பிச் சொருகினால் சேஸிஸ் முழுக்க 230 வோல்ட்!

இந்த எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொண்ட நாள்தான் எனக்கு இந்தப் பைத்தியம் முற்றியது. ஐரோப்பிய வால்வின் கண்ணாடியில் இருப்பது வெறும் நம்பர் இல்லை, அதன் ஜாதகம்! ஈஎல் 84 என்று இருக்கிறதா? ஈ என்றால் ஃபிலமென்ட்டுக்கு 6.3 வோல்ட். எல் என்றால் ஸ்பீக்கரைத் தள்ளும் வெளியீட்டு வால்வு. 8 என்றால் ஒன்பது காலுள்ள சின்ன அடிப்பாகம். ஈசிசி 83 என்றால் ஒரே கண்ணாடிக்குள் இரண்டு ட்ரையோடு, இரட்டைப் பிள்ளைகள். ஈஇசட் 81 மின்சாரத்தை ஒருவழிப்படுத்துகிறவர். மைக்செட் பெட்டிக்குள் நிற்கும் ஈஎல் 34-ல் 3 வந்தால் எட்டுக்கால், பெரிய அடி, பெரிய ஆள். இவ்வளவு தெரிந்தால் போதும், பின்பலகையைத் திறந்த அரை நிமிடத்தில் யார் யாருக்கு என்ன வேலை என்று சொல்லிவிடலாம். கறுப்புப் பிளாஸ்டிக்கில் புதைந்து கிடக்கும் இன்றைய சிப்பிடம் இப்படிக் குசலம் விசாரிக்க முடியுமா?

இந்த வால்வுகளில் பலவற்றின் மேல் ஆங்கிலத்தில் மூன்று எழுத்து: பெல். 1954-ல் பெங்களூரு ஜாலஹள்ளியில் தொடங்கிய பாரத் எலக்ட்ரானிக்ஸ், பிலிப்ஸ் கூட்டுறவோடு ரேடியோ வால்வுகளைச் செய்து தள்ளியது. இங்கிருந்து நூறு கிலோமீட்டர் தூரம்தான். அன்றைக்கு ரேடியோ ரிப்பேர் கடைகளில் அட்டைப்பெட்டியோடு அடுக்கியிருந்த சாதாரண சரக்கு. இன்றைக்கு வெளிநாட்டு ஆம்ப்ளிஃபயர் பித்தர்கள் பெல் ஈஎல் 84-ஐத் தேடித் தேடி வாங்குகிறார்கள். மாமாவிடம் சீல் பிரிக்காத சில இருக்கின்றன. எத்தனை என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

வால்வு நல்லதா கெட்டதா என்று முதல் பார்வையில் சொல்லவும் வழி உண்டு. தலைப்பக்கத்தில் ரசம் பூசியதுபோல வெள்ளிப் பளபளப்பு தெரியும். பேரியம். தயாரிக்கும்போது உள்ளே எரித்துப் படியவைப்பது. கண்ணாடிக்குள் மிச்சம் மீதி இருக்கும் காற்றை அது விழுங்கிவிடும். வெள்ளி பளபளத்தால் உள்ளே வெற்றிடம் இருக்கிறது. பால் மாதிரி வெளுத்திருந்தால் எங்கோ விரிசல், வால்வு காலி. சோதிக்க மீட்டர்கூட வேண்டாம்.

சில உயர்தர வால்வுகளின் கால்களுக்குத் தங்க முலாம் பூசியிருப்பார்கள், துரு பிடிக்காமலிருக்க. ஒன்றைக் காட்டினேன். மாமா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நம்ம ஊர்ல இருந்து போனதான்னு கேளு.”

கண்ணாடிக் குழாய்க்கும் இந்த ஊருக்கும் இன்னொரு உறவு இருக்கிறது. சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1965-ல் இங்கே, சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து, வளிமண்டலத்தில் பிறந்து பூமியைத் துளைத்து வரும் நியூட்ரினோவின் தடத்தைப் பிடித்தார்கள். பிடித்தது எதை வைத்து? நியான் வாயு அடைத்த கண்ணாடிக் குழாய்களின் அடுக்குகளையும், ஒளியைப் பெருக்கும் வெற்றிடக் குழாய்களையும் வைத்து! துகள் பாய்ந்தால் நியான் குழாய் பளிச்சிடும். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் இதே வேட்டை நடந்ததும் ஒரு தங்கச் சுரங்கத்தில்தான். கீழே குழாய் பளிச்சிட்டுக்கொண்டிருந்தபோது மேலே லைன் வீட்டில் எம்.ஜி.ஆர். பாட்டுக்கு ஈஎல் 84 சிவந்துகொண்டிருந்திருக்கும். எனக்கு அந்த நினைப்பே போதையாக இருக்கிறது.

சேஸிஸ் வேலை நாலைந்து சாயங்காலம். காகிதக் கண்டன்சர்கள் எல்லாம் போய் மஞ்சள் நிறப் புதியவை வந்தன. எலி கடித்த ஒயர்கள் போயின. ஈயம் உருகும் வாசனையில் நான் டீயை மறந்து உட்கார்ந்திருந்தேன். சுவிட்சையும் வால்யூம் கண்ட்ரோலையும் ஸ்ப்ரே அடித்துக் கழுவினோம். கரகரப்பில் முக்கால்வாசி அதிலேயே போய்விட்டது. இதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. பொறுமைதான் வேலை.

சுவாரசியம் மேல்தளத்தில். ஆட்டோ சேஞ்சரின் வட்டத்தட்டைத் தூக்கினால் கீழே இன்னொரு ஊர் இருக்கிறது! மோட்டார் தண்டில் படிக்கட்டு மாதிரிக் கடைந்த கப்பி. 16, 33, 45, 78 என்று ஒவ்வொரு வேகத்துக்கும் ஒரு படி. அந்தப் படிக்கும் தட்டின் உள்விளிம்புக்கும் நடுவே ஒரு ரப்பர் சக்கரம் உரசிக்கொண்டு சுற்றும். வேகக் குமிழைத் திருப்பினால் சக்கரம் படி ஏறும், இறங்கும். ஸ்விண்டனில் கேரார்டு செய்த 301, 401 என்ற மாடல்களை இன்று உலகமே தலையில் வைத்துக் கொண்டாடுகிறது; அவற்றிலும் இதே ரப்பர் சக்கரத் தத்துவம்தான். எதிரி இரண்டே பேர். ஒன்று, கெட்டிப்பட்ட கிரீஸ். வருடக்கணக்கில் கிடந்து அது பிசினாகிவிடும். சேஞ்சரின் கை பாதி வழியில் நின்று யோசிக்கும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து ஒவ்வொரு நெம்புகோலாகத் துடைக்க வேண்டும். இரண்டாவது, ரப்பரே. ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்த சக்கரத்தில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் ‘தொப் தொப்’. எமரித்தாளில் தேய்த்து வட்டமாக்கலாம். தேறாவிட்டால் மாற்றுதான். பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் தேடுவோம், கிடைக்காவிட்டால் மாமா பழைய சக்கரத்துக்குப் புது ரப்பர் வளையம் போட்டுக் கடைந்துவிடுவார்.

வேகம் சரியா என்று எப்படித் தெரியும்? இந்த வித்தையைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள், மயங்கிவிடுவார்கள். வட்டமான ஒரு காகிதத்தில் 180 கறுப்புக் கோடுகள் வரைந்து தட்டின் மேல் வைக்கிறோம். பழைய சோக் வைத்த ட்யூப்லைட்டைப் போடுகிறோம். 50 சைக்கிள் மின்சாரத்தில் அந்த விளக்கு விநாடிக்கு 100 தடவை மினுங்கும். தட்டு சரியாக 33⅓-ல் சுற்றினால், சுற்றிக்கொண்டிருக்கும் கோடுகள் அப்படியே அசையாமல் நிற்கும்! கொஞ்சம் வேகம் கூடினால் முன்னால் நகரும், குறைந்தால் பின்னால். எல்.இ.டி. பல்பில் பெரும்பாலும் இது நடக்காது. அதற்காகவே மாமா கடையில் ஒரு பழைய ட்யூப்லைட் உயிரோடு இருக்கிறது.

அப்புறம் முள். 78 வேகத் தட்டு அரக்கும் கல்மாவும் சேர்த்து அழுத்தியது. அந்த அரக்குக்கு உலகமே இந்தியாவைத்தான் நம்பியிருந்தது. கல்கத்தா டம்டம் தொழிற்சாலையில் அறுபதுகளில்கூட 78 அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். பல நாடுகள் விட்டொழித்த பிறகும் பீட்டில்ஸ் பாட்டு 78-ஆக வந்தது இங்கே. இன்று அந்தத் தட்டுகளுக்கு வெளிநாட்டில் அடிதடி. அந்தக் காடி அகலம், எல்.பி. காடி குறுகல். எல்.பி. முள்ளை 78-ல் வைத்தால் அடியில் கிடந்து மண்ணை வாரும். 78 முள்ளை எல்.பி.யில் வைத்தால் பாட்டையே உழுதுவிடும். பழைய கார்ட்ரிட்ஜில் இரண்டு முள்ளும் முதுகோடு முதுகாக இருக்கும், திருப்பிக்கொள்ளலாம். மோசமான விஷயம், அந்தக் கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் உப்புப் படிகம். ஈரக்காற்றில் அது கரைந்தே போய்விடும். எங்கள் ரேடியோகிராமில் கரைந்திருந்தது. பீங்கான் ரகத்தில் ஒன்று மாட்டினோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எல்.பி.யின் ஒரு பக்கத்தில் இருப்பது ஒரே காடி. விளிம்பிலிருந்து நடுவரைக்கும் ஒரே சுருள். இருபத்திரண்டு நிமிடம் ஓடும் பக்கத்தில் அதை நீட்டினால் கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் வரும். எங்கள் ஊர்ச் சாம்பியன் ரீப் சுரங்கத்தின் ஆழம் 3 கிலோமீட்டருக்கும் மேல். ஆறேழு பக்கம் கேட்டு முடித்தால் முள் சாம்பியன் ரீபின் அடியைத் தொட்டிருக்கும்! இதை மாமாவிடம் சொன்னபோது அவர் ஒன்றுமே பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “சுரங்கக் கூண்டு அதவிட வேகமா எறங்கும்,” என்றார்.

ஆழம் என்றதும் ஞாபகம் வருகிறது. சுரங்கம் ஓடிய காலத்தில் கீழே பாறை தானாக வெடிக்கும். ராக் பர்ஸ்ட். மேலே வீட்டில் பாத்திரம் குலுங்கும். உள்ளே யார் ஷிப்டில் இருக்கிறார்கள் என்று அதே நொடியில் எல்லா வீட்டிலும் ஒரு கணக்கு ஓடும். பிளேயரின் மேல்தளம் நாலு ஸ்பிரிங்குகளில் மிதக்கும்படி செய்திருப்பதே நடையும் அதிர்வும் முள்ளை எட்டாமல் இருக்கத்தான். ஆனால் அது மரத்தரையில் நடப்பவர்களை மனதில் வைத்துச் செய்தது. பூமியே துள்ளும்போது ஸ்பிரிங் என்ன செய்யும்? முள் குதித்ததும் மாமாவின் அம்மா முதலில் பாட்டை நிறுத்திவிட்டுத்தான் வாசலுக்கு ஓடுவார்களாம்.

மைக்செட் ஆம்ப்ளிஃபயரைப் பற்றி ஒரு வார்த்தை. இசை ரசிகர்கள் இதை மேஜையிலேயே ஏற்ற மாட்டார்கள். எனக்கு இதன் மேல்தான் காதல். தமிழன் பாட்டுக் கேட்டது வரவேற்பறை ஸ்டீரியோவில் இல்லை, தெருமுனைக் கூம்பில். வேப்பமரத்தில் இரண்டு கூம்பு, கீழே கயிற்றுக்கட்டிலில் இந்தப் பெட்டி, பக்கத்தில் ரெக்கார்டு பிளேயர், தட்டை மாற்றுகிறவனைச் சுற்றிப் பத்துப் பையன்கள். கூம்புக்குத் தாழ்ந்த ஒலி வராது. குரல் மட்டும் கணீரென்று அடுத்த லைன்வரைக்கும் போகும். டி.எம்.எஸ்., சீர்காழி குரல்கள் ஊருக்கு ஊர் கோயில் திருவிழாவோடு ஒட்டிப்போனதற்கு இந்தக் கூம்பும் ஒரு காரணம் என்று நான் அடித்துச் சொல்வேன். பெட்டியின் எடையில் கணிசமான பங்கு அதன் வெளியீட்டு ட்ரான்ஸ்பார்மர். வால்வு பேசுவது அதிக வோல்டேஜ், குறைந்த கரண்டு; ஸ்பீக்கர் கேட்பது அதற்கு நேர் எதிர். நடுவே உட்கார்ந்து மொழிபெயர்ப்பதுதான் இந்த இரும்புக் கட்டி. இது எரிந்துபோனால் மறுபடி சுற்றும் ஆட்கள் இன்று அரிது. எங்களுடையது எரியவில்லை. மாமா அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, “இது நம்மள எல்லாம் பொதைச்சிட்டுத்தான் போவும்,” என்றார்.

ஞாயிறு சாயங்காலம், ரேடியோகிராம். டிம்மர்ஸ்டாட் மெல்ல ஏறுகிறது. சீரிஸ் பல்பு மின்னி மங்குகிறது. ஐந்து வால்வுகளின் அடியிலும் ஒரு செம்மஞ்சள் பொட்டு. முப்பது விநாடி சத்தமே இல்லை; வால்வு சூடாக வேண்டும், அவசரப்படுத்த முடியாது. அப்புறம் ஸ்பீக்கரில் லேசான ‘உம்ம்’. ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, 78. நாகஸ்வரம்தான் சரியான பரீட்சை என்பது மாமாவின் கருத்து. கெட்ட செட்டில் நாகஸ்வரம் காதைக் கிழித்துவிடும். கிழிக்கவில்லை! பெட்டியே ஊதியது. சந்தில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். நான் கைதட்டினேன். மாமா என்னைப் பார்த்த பார்வையில், ஐம்பது வயதை நெருங்குகிறவன் செய்கிற காரியமா இது என்ற கேள்வி இருந்தது.

வால்வு சத்தம் ஏன் இனிக்கிறது? மாயம் ஒன்றும் இல்லை, சொல்லிவிடுகிறேன். வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒலியைக் கொஞ்சம் கெடுக்கிறது. கெடுப்பதிலும் ஒரு நாசூக்கு. இந்த மாதிரி ஒற்றை வால்வு வெளியீட்டில் பெரும்பாலும் சேர்வது இரண்டாவது ஹார்மோனிக்; நம் கணக்கில், கீழ் ஷட்ஜத்தோடு மேல் ஷட்ஜம் ஒட்டிக்கொள்வது. காதுக்கு அது குறையாகவே தெரியாது, கனமாகத் தெரியும். திணறும்போதும் சட்டென்று வெட்டாமல் மெல்ல அமுங்கும். அளந்து பார்த்தால் இன்றைய சாதாரண சிப் ஆம்ப்ளிஃபயர் இதைவிடத் துல்லியமானது. எனக்குத் துல்லியம் வேண்டாம், இது வேண்டும். அவ்வளவுதான். அதற்காக லட்ச ரூபாய் ஒயர் வாங்கினால் வயலினில் ரோஜா மணக்கும் என்று கதை விடுகிறவர்களை நம்பிவிடாதீர்கள். ஈஎல் 84 ஒற்றையாக நின்றால் கொடுப்பது ஐந்து, ஆறு வாட். ஒரு வீட்டுக்கு அது தாராளம்.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டுப் பரணிலும் தாத்தாவின் பெட்டி ஒன்று கிடக்கலாம். தயவுசெய்து ப்ளக்கைச் சொருகிவிடாதீர்கள். பழைய பேப்பர்காரர் தராசில் எடைக்கும் போட்டுவிடாதீர்கள். உங்கள் ஊரில் வால்வு ரேடியோ பார்த்த கிழவர் ஒருவர் இன்னும் இருப்பார். பூட்டிய ரேடியோ கடையின் பக்கத்துக் கடையில் விசாரித்தால் வீட்டைக் காட்டுவார்கள். தூக்கிப் போகும்போது வால்வுகளை எந்தக் குழியில் எது என்று எழுதி வைத்துக்கொண்டு கழற்றி, தனித்தனியாகத் துணியில் சுற்றுங்கள். முள் இருக்கும் கையை நூலால் கட்டிவிடுங்கள். செட்டைத் திறந்து அவர் முதலில் மோந்து பார்த்தால், சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறீர்கள்.